ரெண்டாவது தமரு

வட்டில் ஓரத்துல அஞ்சு சின்ன வெங்காயம். எங்க வீட்டுக்காரரு அதை வரிசையா அடுக்குறாக. வரிசைக்கு இந்தக் கடைசியில தண்ணிச் செம்பு.

"இந்தாரு, இந்தச் செம்புதான் கெணத்துப் படின்னு வச்சுக்க. வெங்காயம் அஞ்சும் தமரு."

கம்பங்களி ஆறிக்கிட்டு இருக்கு. நான் மோர்ச் சட்டியோட குனிஞ்சு நிக்கிறேன். 'தின்னுட்டு வெவரம் சொன்னா ஆகாதாக்கும்'னு எனக்குள்ள ஒரு சிடுசிடுப்பு வேற. ஆனா அவுக முகத்துல அன்னைக்கு இருந்த பெருமை இருக்கே, கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அதைப் பாக்கல.

செம்புக்கு ரொம்பத் தள்ளி இருந்த வெங்காயத்தைத் தொட்டாக. "இங்கதான் தொடங்குனேன். இப்படியே ஒண்ணொண்ணாக் கொளுத்திக்கிட்டே படிக்கு வந்து ஏறிட்டேன்." பெறகு, தொட்டதுக்கு அடுத்த வெங்காயத்தை எடுத்து வாயில போட்டு நறுக்குன்னு கடிச்சாக. "இந்த ரெண்டாவதுதான் வெடிக்காம நின்னு போச்சு."

மோர்ச் சட்டி என் கையை விட்டு நழுவிருச்சு.

ஏன் நழுவுச்சுன்னு சொல்லணும்னா நான் கொஞ்சம் சுத்தித்தான் வரணும். இந்தத் தொடரைப் படிக்கிற ஒருத்தர், 'அம்மா, நீங்க டவுனுக்குப் போக நாலு ஊரைச் சுத்துறீக'ன்னு எழுதியிருந்தாரு. சுத்துவேன்தான். சுத்தாமச் சொன்னா, புருசன் வெங்காயத்தைக் கடிச்சதுக்கு இவ எதுக்கு இந்தப் பாடு பட்டான்னு நீங்களே கேப்பீக.

பாறையில நின்ன கெணறு

அறுபதுகளோட கடைசின்னு நெனைக்கிறேன். வருசம் சரியா ஞாபகமில்ல. மழை இல்லாத வருசம்னு மட்டும் ஞாபகம். எங்க பக்கத்துல அப்படி அடையாளம் சொன்னா அது எந்த வருசம்னு எவனுக்கும் தெரியாதுங்கிறது வேற விசயம்.

பரளச்சியிலருந்து நரிக்குடி போற பாதையில எங்களுக்குக் கொஞ்சம் காடு இருந்துச்சு. மேல கரிசல், அதுக்குக் கீழ சுக்காங்கல்லு, அதுக்கும் கீழ சம்மட்டி பட்டா நெருப்புப் பறக்குற பாறை. எங்க கெணறு அந்தப் பாறையில வந்து நின்னு போச்சு. வாளி முங்குற அளவுக்குக்கூடத் தண்ணி இல்ல. மேல மெளகாச் செடி பூவும் பிஞ்சுமா நின்னு தலையைத் தொங்கப் போட்டுருச்சு. காலையில எந்திரிச்சு அதைப் பாக்கப் போறதுக்கே எனக்குப் பயமா இருக்கும்.

கெணத்தை இன்னும் எறக்கித்தான் ஆகணும்னு முடிவாச்சு. சுப்பையா மேஸ்திரி தன் ஆளுகளோட வந்து சேந்தாரு. திருச்சுழிப் பக்கத்துக்காரரு. வாய் நெறைய வெத்தலை, அதிகம் பேச மாட்டாரு. கெணத்து வெட்டுலயே தலை நரைச்ச மனுசன்.

தமருன்னா ஒண்ணுமில்ல, பாறையில போடுற துளை. ஒருத்தன் உளியைப் பிடிச்சுத் திருப்பிக்கிட்டே இருப்பான், இன்னொருத்தன் சம்மட்டியால அடிப்பான். முழங்கை ஆழத்துக்கு எறங்குனதும் அதுக்குள்ள வெடி மருந்தை வச்சு, திரியை வெளிய விட்டு, களிமண்ணால வாயைக் கெட்டிச்சுருவாக. அப்புறம் ஒருத்தர் மட்டும் உள்ள நின்னு, பீடிக் கங்கால ஒவ்வொரு திரியாக் கொளுத்திட்டு, படியில தபதபன்னு ஏறி வந்துருவாரு. மேல நிக்கிறவுக "வெடி! வெடி!"ன்னு கத்துவாக. ஆடு மாடு மனுசன் எல்லாம் ஒதுங்கணும்.

மேஸ்திரி தமருக்கெல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கை வச்சிருப்பாரு. அந்த எண்ணிக்கை எப்பவும் படியிலருந்துதான். அவரு கெணத்துக்குள்ள நின்னாலும் சரி, மேல மரத்தடியில உக்காந்திருந்தாலும் சரி, வீட்டுல சோத்துக்கு முன்னால இருந்தாலும் சரி, மொதத் தமருன்னா படிக்குப் பக்கத்துல இருக்கிறதுதான்.

எனக்கு அது பழக்கமான கணக்கு. நான் பொறந்தது அருப்புக்கோட்டையில, நெசவாளி வீட்டுல. எங்க தெருவுல வீட்டை எண்ணுறதுன்னா கடைத்தெரு முனையிலருந்துதான் எண்ணுவாக. நீ தெருவோட எந்த மூலையில நின்னு கேட்டாலும் 'நாலாவது வீடு'ன்னா அது ஒரே வீடுதான். ஒலகம் பூரா அப்படித்தான் எண்ணும்னு நெனைச்சுக்கிட்டு வாக்கப்பட்டு வந்தேன் பாருங்க, வந்த மொத வாரமே எங்க அத்தை எனக்குப் பாடம் நடத்திட்டாக.

குழம்புல உவர்மண்ணு

எங்க மாமியாரைத்தான் அத்தைங்கிறேன். அவுக அடுப்படியில பானைக வரிசையா இருக்கும், அடுப்பு ஓரத்துலருந்து வாசப்படி வரைக்கும். ஒருநா குழம்பு கொதிக்குது, அத்தை வெளிய மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே கத்துறாக, "ஏத்தா செல்லம்மா, ரெண்டாவது பானையில உப்பு இருக்கு, ஒரு கை அள்ளிப் போடு!"

நான் வாசல் வழியா உள்ள வந்தேன். வாசல்லருந்து ரெண்டாவது பானை. இருட்டு அடுப்படி. அந்தக் காலத்து உப்பும் என்ன, வெள்ளை வெளேர்னா இருந்துச்சு? ஒரு கை அள்ளிப் போட்டேன்.

அது துணி வெளுக்க எடுத்து வச்சிருந்த உவர்மண்ணு.

அத்தை வாயில வச்சாக பாருங்க! "அடி டவுனுக்காரி, எண்ணத் தெரியாதவளா எனக்கு வந்து வாச்சா!"ன்னு மூணு வீட்டுக்குக் கேக்குற மாதிரி ஒரு சத்தம். நான் அழுதுக்கிட்டே பானையை எண்ணிக் காட்டுறேன். அவுக அடுப்புலருந்து எண்ணிக் காட்டுறாக. உப்புப் பானை அடுப்புலருந்து ரெண்டாவது. எனக்குச் சிரிப்பு வரவே ரெண்டு வருசம் ஆச்சு.

பெறகு அவுகளையே கவனிச்சுப் பாத்தேன். சமைக்கும்போது அத்தை அடுப்புலருந்து எண்ணுவாக. பெருக்கும்போது, "ரெண்டாவது பானைக்குப் பின்னால எலி புழுக்கை கெடக்கு, கூட்டு"ம்பாக. அது வாசல்லருந்து ரெண்டாவது. ஏன்னா வெளக்குமாத்தோட வாசல்லதான நிக்கிறாக? அவுகளுக்கு அதுல ஒரு கொழப்பமும் இல்ல. எந்த வேலையில கை இருக்கோ அந்த வேலை எங்க தொடங்குதோ அங்கருந்து எண்ணிக்கை. அந்த வீட்டுலயே பொறந்து வளந்தவுகளுக்கு அது தானா வெளங்கிரும். வெளியிலருந்து வந்தவதான் உவர்மண்ணைத் திங்கணும்.

எங்க வீட்டுக்காரரு அந்த அத்தை வயித்துல பொறந்தவுக. அதோட, கல்யாணத்துக்கு முன்னாடி கொஞ்ச வருசம் கல் குவாரியில திரி கொளுத்துற வேலை பாத்திருந்தாக. குவாரியில படியும் கெடையாது, வாசலும் கெடையாது, தொறந்த பாறை. அங்க கொளுத்துறவரு எந்தத் திரியில மொதல்ல நெருப்பு வைக்கிறாரோ அதுதான் மொதத் தமரு. இது எனக்கு அப்பத் தெரியாது.

தம்பி வந்த நேரம்

அந்தப் பஞ்சத்துல அருப்புக்கோட்டையிலயும் தறி சரியா ஓடல. நூலு கெடைக்கல. எங்க அய்யாவுக்கு ஏற்கெனவே இழுப்பு. தறிக்குழியில உக்காந்து இருமுற இருமல் தெருமுனை வரைக்கும் கேக்கும். வீட்டுக்கு ஒரே ஆம்பளைப் பிள்ளை என் தம்பி மாரி. "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு அக்கா வீட்டுக் கெணத்துல கல்லு பேக்குறேன்"னு கெளம்பி வந்துட்டான். மீசை நல்லா மொளைச்சு, பொண்ணு பாக்கலாமான்னு பேச்சு நடந்துக்கிட்டிருந்த நேரம். தறி மிதிச்ச காலு, வெயில் படாத ஒடம்பு. மொத நாளே கையெல்லாம் கொப்புளம். "போடா வீட்டுக்கு"ன்னேன். "போறேன், தண்ணி வரட்டும்"னான்.

அனுப்பும்போது அய்யா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தாரு: "பாத்துக்கத்தா." அவ்வளவுதான். அவன் படியில எறங்குறப்ப எல்லாம் நான் மேல நின்னு அவன் தலை மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன். கல்லு சுமக்க வந்த பேச்சியக்கா, "என்ன செல்லம்மா, தம்பியைக் கண்ணாலயே கயிறு கட்டி எறக்குறியா?"ன்னு கேலி பண்ணுவா.

நாலு சத்தம்

அன்னைக்குக் காலையில மேஸ்திரியோட மருமகன் வரல. திருச்சுழியில ஒரு சாவு வீட்டுக்குக் கேதம் கேக்கப் போயிட்டாரு. அவருதான் எப்பவும் திரி கொளுத்துறவரு. அஞ்சு தமரு போட்டு, மருந்து வச்சுத் தயாரா இருக்கு. மேஸ்திரிக்குப் படியில வேகமா ஏற முடியாது, முழங்கால் வலி.

"நான் கொளுத்துறேன்"னு எங்க வீட்டுக்காரரு வேட்டியை மடிச்சுக் கட்டுனாக.

நான் வேணாம்னு சொன்னேன். சொன்னா கேக்குற ஆளா? "குவாரியில இதைவிடப் பெருசெல்லாம் கொளுத்தியிருக்கேன், போ அங்கிட்டு"ன்னாக. தம்பி வேற, "மச்சான், பாத்து"ன்னு சிரிக்கிறான். எனக்கு ரெண்டு பேரையும் கன்னத்துல ஒண்ணு வைக்கலாம்னு இருந்துச்சு.

எல்லாரும் வேலிக்கருவை மரத்துக்குப் பின்னால போய் நின்னோம். அவுக ஏறி ஓடி வந்தாக. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. கொஞ்ச நேரத்துல டொம்முன்னு ஒரு வெடி. காலுக்குக் கீழ மண்ணு அதிருது. அப்புறம் ஒரு எடைவெளி, சத்தத்தையே காணோம். அதுக்கப்புறம் டொம், டொம், டொம்.

நாலுதான். ஒண்ணு பாக்கி.

"ரெண்டாவது வெடிக்கல"ன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாக.

"ரெண்டாவதுதான? நல்லாத் தெரியுமா?"ன்னு மேஸ்திரி கேட்டாரு.

"என்னய்யா கேள்வி, கொளுத்துனவன் நான். ரெண்டாவதுதான். தண்ணியை ஊத்தி மருந்தை நனைச்சு அப்படியே போட்டுருங்க."

"சரி"ன்னு மேஸ்திரி தலையாட்டுனாரு. ரெண்டு பேரும் வெவரமானவுக. ரெண்டு பேரும் உண்மையைத்தான் பேசுனாக. ஒருத்தருக்கும் சந்தேகமில்ல. இன்னைக்கு நெனைச்சாலும் அந்த 'சரி'தான் என் ஈரக்குலையை நடுங்க வைக்குது.

எங்க வீட்டுக்காரரு பசிக்குதுன்னு வீட்டுக்கு நடந்தாக. வெடிக்காத தமரு உள்ள இருந்தா மறுநா வரைக்கும் எவனும் எறங்க மாட்டான்னு அவுக நெனைப்பு. குவாரியில அதுதான் வழக்கம். ஆனா கெணத்து ஆளுகளுக்கு அப்படியில்ல. ஒரு தமரு நின்னு போச்சுன்னா, கடப்பாரை பட்டா வெடிச்சுரும்னு அதை மட்டும் ஒதுக்கிட்டு, மத்த பக்கம் பேந்து கெடக்குற கல்லை எடுப்பாக. மேஸ்திரி எறங்கி, ரெண்டாவது இருந்த எடத்துல கெடந்த கல்லு மேல ரெண்டு கொடம் தண்ணியை ஊத்திட்டு ஏறுனாரு. உள்ள ஒரே கல்லுக் குவியல், எது வெடிச்சது எது வெடிக்காததுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது.

நான் ஆளுகளுக்கு மோர்த்தண்ணி ஊத்திட்டுக் கெளம்பும்போது, மேஸ்திரி தம்பிகிட்டச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. "மாரி, ரெண்டாவது பக்கம் காலே வைக்காத. அந்தக் கடைசியில, நாலாவதுலருந்து கல்லை எடுத்துட்டு வா."

நல்ல மனுசன், எம்புட்டு அக்கறையா சொல்லுறாருன்னு நெனைச்சுக்கிட்டு நான் சோறு போட வீட்டுக்கு வந்தேன்.

வெங்காயமும் செம்பும்

இப்பப் புரியுதுல்ல, மோர்ச் சட்டி ஏன் ஒடைஞ்சுச்சுன்னு?

செம்பு படி. அவுக கடிச்சது படிக்குத் தள்ளி, அந்தக் கடைசிப் பக்கத்து வெங்காயம். நான் விரலை வச்சுச் செம்புலருந்து எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... கடிச்ச வெங்காயம் இருந்த எடம் நாலாவது.

"அப்ப படியிலருந்து எண்ணுனா நாலாவதுதான வெடிக்கல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"மாரி அங்கதான் கல்லு பேக்குறான்!"

அவுகளுக்கு ஒரு நிமிசம் வெளங்கல. "அவன் எதுக்கு இன்னைக்கு எறங்குறான்?"னாக. வெளங்குனதும் வாயில இருந்ததைத் துப்பிட்டு எந்திரிச்சாக. நான் அதுக்குள்ள வாசலைத் தாண்டிட்டேன்.

பருத்திக்கட்டை

வீட்டுலருந்து கெணத்துக்குப் பாதை சுத்து. காட்டுக்குள்ள விழுந்து ஓடுனேன். பருத்திமாரு வெட்டுன கட்டை ஈட்டி கணக்கா நிக்குது. கரிசல் காஞ்சு வெடிச்சு, காலு உள்ள போற அளவுக்கு வாயைப் பொளந்து கெடக்கு. செருப்பு ஏது அப்ப? காலு கிழிஞ்சது எனக்கு அன்னைக்குச் சாயந்தரந்தான் தெரியும்.

ஓடும்போதே காதைத் தீட்டிக்கிட்டு ஓடுறேன். டங்... டங்... கடப்பாரைச் சத்தம். அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் அவன் உசுரோட இருக்கான். ஆனா அந்தச் சத்தம்தான் அவனைக் கொல்லவும் போகுது. ஒவ்வொரு டங்குக்கும் 'சாமி கருப்பா, இது இல்ல, இது இல்ல'ன்னு சொல்லிக்கிட்டே ஓடுனேன். கத்தணும்னு வாயைத் தொறந்தா காத்துதான் வருது, சத்தம் வரல.

மேஸ்திரி மரத்தடியில கண்ணை மூடிப் படுத்திருக்காரு. பேச்சியக்காவும் மத்த பொம்பளைகளும் கயித்துல கல்லுக் கூடையை இழுத்துக்கிட்டு இருக்காக. நான் கெணத்து ஓரத்துல மண்டி போட்டு எட்டிப் பாத்தேன்.

தம்பி அந்தக் கடைசியில நிக்கிறான். முதுகெல்லாம் வேர்வை. கடப்பாரையை ஓங்கியிருக்கான்.

"மாரி! ரெண்டாவது கிட்டப் போகாதடா!"

பாருங்க என் புத்தியை! அவுக வாயிலருந்து கேட்ட எண்ணிக்கை அப்படியே என் வாயில வந்துருச்சு. அவன் நிமிந்து பாத்து, பல்லைக் காட்டிச் சிரிச்சு, "போகலக்கா! நான் நாலாவதுலதான் நிக்கிறேன்!"ங்கிறான். என்னைச் சமாதானப்படுத்துறானாம்! சொல்லிட்டு மறுபடியும் ஓங்கி ஒரு போடு போட்டான்.

"அது இல்லடா! அந்தப் பக்கம் போ! அந்தப் பக்கம்!"னு கையை ஆட்டுறேன். கெணத்துக்குள்ள என் சத்தம் நாலு செவுத்துலயும் முட்டி என்கிட்டயே திரும்பி வருது. கீழ நிக்கிறவனுக்கு எது அந்தப் பக்கம்? அவன் இன்னும் ஒரு எட்டு உள்ள தள்ளி நின்னுக்கிட்டான்.

"ஏறுடா! ஏறி வாடா!"

"இந்தா வாரேன்க்கா. இந்தக் கல்லு ஆடிருச்சு, இதை மட்டும் பேத்துட்டு வாரேன்."

சின்னப்பிள்ளையிலருந்து அவன் குணம் அதுதான். கையில எடுத்ததை முடிக்காம வர மாட்டான். வெவரத்தைச் சொல்லி வெளங்க வைக்க எனக்கு நேரமில்ல. கடப்பாரை மேல போயிருச்சு. அது கீழ வர்றதுக்குள்ள ஏதாவது சொல்லணும். அவன் கையிலருந்து அது தானா விழுகுற மாதிரி ஏதாவது.

"மாரி! அய்யா செத்துப் போயிட்டாருடா!"

எங்கருந்து அந்தச் சொல்லு வந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கடப்பாரை அவனுக்குப் பின்பக்கமா சரிஞ்சு விழுந்துச்சு. அவன் ஒரு நிமிசம் என்னையே பாத்தான். பெறகு நாலு காலுல ஏறுற மாதிரி படியில ஏறி வந்தான்.

சொன்ன சொல்லு

மேல வந்ததும் அவனை இடுப்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டேன். விடவே இல்ல. அவன் தலையில தலையில அடிச்சுக்கிட்டு அழுகுறான். அதுக்குள்ள பொம்பளைக கயித்தை விட்டுட்டு மாரடிச்சு அழ ஆரம்பிச்சுட்டாக. பேச்சியக்கா ஒரு ராகம் எடுத்துட்டா. நான் "இல்ல, இல்ல"ங்கிறேன், அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்குது?

எங்க வீட்டுக்காரரு மூச்சு வாங்க வந்து சேந்தாக. மேஸ்திரியைப் பிடிச்சு உக்கார வச்சு, அஞ்சு கல்லைத் தரையில வரிசையா வச்சுக் காட்டுனாக. மேஸ்திரி அந்தக் கல்லையே பாத்துக்கிட்டு இருந்தாரு. வெத்தலையைத் துப்பக்கூட மறந்துட்டாரு. "எங்க மாப்ளையும் அந்தக் கடைசியிலருந்துதான் கொளுத்துவான். ஆனா மேல வந்து சொல்லும்போது படிக்கணக்கா மாத்திச் சொல்லிருவான். அவன் மாத்துறான்னே எனக்கு ஒரு நாளும் தோணுனதில்லய்யா"ன்னாரு.

தம்பிகிட்ட, "அய்யா நல்லாத்தான்டா இருக்காரு"ன்னேன்.

அவன் என் கையை ஒதறி விட்டான். வெவரத்தை அவனும் கேட்டுட்டான், தான் எங்க நின்னோம்னு அவனுக்கும் தெரிஞ்சு போச்சு. இருந்தாலும், "அதுக்கு அய்யாவையா சொல்லுவ? வேற சொல்லே கெடைக்கலையா உனக்கு?"ன்னு கேட்டுட்டுப் போய்த் தனியா உக்காந்துட்டான்.

எனக்கு அது வலிக்கல. வேற ஒண்ணு வந்து நெஞ்சுல உக்காந்துருச்சு. உச்சி வெயில் நேரம், கெணத்து வாயில நின்னு, பெத்த அப்பனைச் செத்துட்டாருன்னு சத்தம் போட்டுச் சொல்லியிருக்கேன். அந்தச் சொல்லு சும்மா போயிருமா? அய்யாவுக்கு ஏற்கெனவே இழுப்பு.

இதுல இன்னொரு கூத்து. அழுத வேகத்துல பேச்சியக்கா தன் புருசனுக்கு ஆள் விட்டிருக்கா. அவரு பாவம், மரியாதைக்காரரு. வேலையைப் போட்டுட்டு அருப்புக்கோட்டை பஸ்ஸப் பிடிச்சுப் போயிட்டாரு. தகவல் சொல்லி நிறுத்துறதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு. எறங்குனதும் மாலை வாங்கிக்கிட்டுத்தான் வாசல்ல போய் நிப்பாரு. இழுப்புக்கார மனுசன் தன் வாசல்ல மாலையைப் பாத்தா என்ன ஆகும்? சாயந்தரம் பஸ்ஸுல திரும்பி வருவாருன்னு பாத்தோம். வரல. ஏன் வரல? ஒருவேளை அங்க இருக்க வேண்டியதாப் போச்சா? விடியிற வரைக்கும் என் சொல்லை நானே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்.

காலை பஸ்ஸு

விடிஞ்சதும் மேஸ்திரி யாரையும் எறங்க விடல. முழங்கால் வலியோட தான் மட்டும் எறங்கி, கையாலயே கல்லை ஒதுக்கிப் பாத்துட்டு ஏறுனாரு. படியிலருந்து நாலாவதுல திரி பாதி கருகி நின்னிருக்கு. அதுக்கு ஒரு சாண் தள்ளி, பாறையில கடப்பாரை விழுந்த வெள்ளைத் தடம். அதைச் சொல்லிட்டு எங்க யாரு மூஞ்சியையும் பாக்காம மரத்தடிக்குப் போயிட்டாரு.

பஸ்ஸு சத்தம் கேட்டுச்சு. நான் எந்திரிக்கல. பேச்சியக்கா புருசன் தனியா வாராரா, கூட யாரும் வாராகளா, அதைப் பாக்கவே எனக்குத் தைரியமில்ல. தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்ப ஒரு இருமல் கேட்டுச்சு.

அந்த இருமலை எத்தனை நா எரிச்சலாக் கேட்டிருப்பேன்! தூக்கத்தைக் கெடுக்குதேன்னு காதைப் பொத்தியிருப்பேன். அன்னைக்கு அது காதுல விழுந்ததும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும்னு இருந்துச்சு. அய்யா துண்டால வாயைத் தொடைச்சுக்கிட்டே வரப்புல நடந்து வாராரு. பக்கத்துல பேச்சியக்கா புருசன், தப்புப் பண்ணுன மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு. ராத்திரி அய்யாதான் அவரைப் போக விடாமத் தங்க வச்சிருக்காரு.

தம்பி ஓடிப் போய் அய்யாவோட தோளைத் தொட்டுத் தொட்டுப் பாத்தான். "போதும்டா, நாந்தான். மாலையை ஆட்டுக்குப் போட்டுட்டு வாரேன்"னாரு அய்யா. முழு வெவரம் அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. 'அக்கா என்னவோ சொல்லித் தம்பியை மேல ஏத்துனா'ங்கிற வரைக்கும் பஸ் ஸ்டாப்புல யாரோ சொல்லியிருக்காக.

நேரா கெணத்துக்கு வந்தாரு. ஓரத்துல நின்னு எட்டிப் பாத்தாரு.

"எங்க நின்னான்?"

"நாலாவதுல"ன்னாரு மேஸ்திரி. அதே மூச்சுல "ரெண்டாவதுல"ன்னாக எங்க வீட்டுக்காரரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டாக.

"நீங்க யாரும் சொல்ல வேணாம். மாரி, நீ காட்டு."

தம்பி விரலை நீட்டிக் காட்டுனான். அய்யா அந்த விரல் போற வழியைப் பிடிச்சே பாத்து, அந்த வெள்ளைத் தடத்துல கண்ணை நிறுத்துனாரு. அதுக்குப் பக்கத்துல இருந்த கருகுன திரியையும் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாரு. அம்புட்டு நேரமும் இருமல்கூட வரல.

பெறகு என் பக்கம் திரும்புனாரு. நான் ரெண்டு கையாலயும் முந்தானையை வாயில வச்சு அழுத்திக்கிட்டு நிக்கிறேன். அடிச்சாலும் வாங்கிக்கணும்னுதான் நின்னேன்.

"என்னைச் சாகடிச்சியாம்ல?"

நான் தலையை ஆட்டுனேன்.

"அந்த நேரத்துல என்னையக் கூப்பிட்டு, அய்யா என்ன சொல்லட்டும்னு கேட்டிருந்தா, நானும் அதையேதான்த்தா சொல்லச் சொல்லியிருப்பேன்."

சொல்லிட்டு என் தலையில கையை வச்சாரு. அதுவரைக்கும் வராத அழுகை அப்பத்தான் எனக்கு வந்துச்சு.